சவரிமுத்து எண் போட்டு வைத்த நத்தை

1946, தை மாதம். திங்கட்கிழமை காலை ஏழு மணி.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினேன். திருச்சியிலிருந்து நாற்பத்து மூன்று மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் இரண்டணா. சண்டை முடிந்து ஊர் திரும்பும் பட்டாளத்துக்காரர்கள் பெட்டியை அடைத்துக்கொண்டிருந்ததால் படியோரம் நின்றபடியே வந்தேன். அதில் எனக்குக் குறையில்லை. நாற்பத்தாறு வயதாகிறது, ஒரு ஊரில் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் இருந்தால் உள்ளங்கால் அரிக்கிறது. ஓடுகிற ஒன்றின் மேல் நின்றால்தான் அது அடங்குகிறது.

கடலைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் கிழக்கே போவார்கள். நானோ கடலில் வாழும் ஒரு பிராணியின் நிறத்தைத் தேடி, கடலை விட்டு அறுபது மைல் உள்ளே வந்திருக்கிறேன். பைத்தியம் என்று நினைக்குமுன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்துக் கரையில் ஒரு கொட்டகை. ஒரு மியூசியத்துக்காகக் கடல் உயிர்களைச் சேகரித்துப் படம் வரையும் இடம் அது. படம் வரைந்தவர் சவரிமுத்து, ஏலாக்குறிச்சிக்காரர். ஊர் ஊராய்த் திரிந்த நான் அங்கே போய்ச் சேர்ந்து சில வாரம் அவர் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மனம் முழுவதும் ஓடில்லாத ஒரு கடல் நத்தையிடம் இருந்தது. காயவைத்துக் கப்பலேற்றுகிறார்களே கடலட்டை, அது வேறு. இது சுண்டுவிரல் நீளந்தான். தலையில் இரண்டு கொம்பு. முதுகின் பின்கோடியில் பூப்போல் விரியும் ஒரு கொத்து. அதன் வழியாகத்தான் மூச்சு விடும். பாறைமேல் கடற்பஞ்சு தின்றுகொண்டு, அவசரம் என்பதே அறியாமல் நகரும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர் நன்றாக வற்றினால்தான் அந்தப் பாறைகள் வெளியே வரும். அதனால் சவரிமுத்துவின் காலண்டரில் மாதத்துக்கு இரண்டே நாள்தான்.

சண்டைக் காலத்தில் வர்ணக் கட்டிகள் கிடைக்கவில்லை. அவர் பென்சிலால் உருவத்தை வரைந்து, நிறம் வரவேண்டிய இடங்களில் எண் போட்டு வைத்தார். தனித் தாளில் தன் கையெழுத்தில் குறிப்பு:

1, உடம்பு: கல்லங்குறிச்சிக் கல், உடைத்த உள்பக்கம்.
2, பொட்டுகள்: காரை ஓடை மண், மழைக்கு மறுநாள்.
3, விளிம்பு, கொம்பு, கொத்து: மேரி கல்யாணச் சேலை, கரை.

போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டார். நிறமில்லாத படத்தை அச்சுக்கு எடுக்க மாட்டோம், இந்த மாதக் கடைசிதான் கெடு என்று மியூசியத்தில் சொல்லிவிட்டார்கள். நிறம் சேர்த்துத் தருகிறேன் என்று படத்தையும் குறிப்பையும் நான் வாங்கிக்கொண்டேன். அதே வாரம் அவர் மனைவி ஆரோக்கியமேரியிடமிருந்து எனக்கு ஒரு கார்டு. 'அவர் சாமான்களோடு ஒரு பாட்டில் வந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ கிடக்கிறது. ஆறு வருஷம் வீட்டுக்கு வராமல் இருந்தது இதற்காகத்தானா? கூட இருந்தவர் நீங்கள் என்றார்கள். தெரிந்தால் எழுதவும்.'

எழுத முடியவில்லை. ஏனென்றால் அந்த ஆறு வருஷத்தில் ஒரு கிறிஸ்துமஸ் என் கணக்கில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் ஊருக்குப் போகப் பையைக் கட்டிவிட்டார். "இரண்டு நாளில் அமாவாசை. நத்தையை எனக்குக் காட்டிவிட்டுப் போங்களேன்" என்றேன். அவர் பையை அவிழ்த்துவிட்டார். நத்தையைக் காட்டினார். ஊருக்குப் போகவில்லை.

படத்துக்கு நிறம் சேர்ப்பது, அதை அந்த அம்மாளிடம் காட்டுவது, இதையும் சொல்வது. இதற்குத்தான் வந்திருக்கிறேன். கையில் தகரப் பெட்டி. அதில் படமும் குறிப்பும், திருச்சியில் அலைந்து வாங்கிய ஆறு வர்ணக் கட்டிகளும் இரண்டு தூரிகையும் ஒரு வெள்ளைச் சாசரும்.

காலை ஒன்பது மணி, கல்லங்குறிச்சி.

ஸ்டேஷனிலிருந்து கிழக்கே மூன்றரை மைல். போகவர மாட்டுவண்டி ஒரு ரூபாய். வண்டிக்காரர் பெரியசாமி, பாதி வழி பொறுத்திருந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார் சர்வே ஆபீஸா?"

"இல்லை. ஒரு கல்லை உடைத்து உள்ளே என்ன நிறம் என்று பார்க்கவேண்டும்."

அவர் மாட்டிடம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா? ஒத்த ரூவா குடுத்துக் கல்லு பாக்கப் போறாங்க. நாம தெனமும் ஓசியிலயே பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

ஓடைக்கரையில் இறங்கினோம். கரை முழுக்கச் சிப்பி. உள்ளங்கை அகலச் சிப்பிகள், ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, கல்லாகிக் கிடக்கின்றன. மனிதன் பிறக்குமுன் இங்கே கடல் இருந்திருக்கிறது. எழுந்து போனவர் விட்டுப்போன செருப்பைப் போல இதை விட்டுப் போயிருக்கிறது.

"இதை நாங்க சூளையில போட்டுச் சுண்ணாம்பாக்கிருவோம் சார். கடலு பூரா எங்க வூட்டுச் செவுத்துலதான் இருக்கு" என்றார் பெரியசாமி. படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பூச்சியும் கல்லுக்குள்ள இருக்குமா?"

"இருக்காது. ஓடு உள்ளதுதான் கல்லாகும்."

இந்த நத்தை பிறக்கும்போது மட்டும் ஓட்டோடுதான் பிறக்கிறது. சுருள் சுருளாய் ரிப்பன் மாதிரி ஒட்டிவைத்த முட்டைகளிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு, கண்ணாடி போன்ற ஓட்டைச் சுமந்துகொண்டு வெளியே வந்து நீந்துகிறது. தகுந்த பாறை கிடைத்து இறங்கிய உடனே ஓட்டை உதறிவிடுகிறது. இந்தப் பழைய கடலிலும் அது நிறம் நிறமாய் ஊர்ந்திருக்கலாம், சொல்வதற்குச் சாட்சியில்லை என்றேன்.

"அப்ப வந்துச்சோ வல்லியோ, யாரு கண்டா?" என்றார் பெரியசாமி. வண்டிச் சுத்தியலால் அவரே ஒரு கல்லைப் பிளந்தார். வெளியே புகையேறிய சாம்பல். உள்ளே எருமைப்பால் ஏடு. வெள்ளையில் மஞ்சள் ஒரு தொடு தொட்டு, பழுப்பு அதிலும் பாதி. மூன்றாம் தடவை சாசரும் கல்லும் ஒன்றாயின. வண்டிச்சக்கர நிழலில் உட்கார்ந்து உடம்பைப் பூசினேன்.

பகல் ஒரு மணி, பெரம்பலூர் பஸ்.

இருபது மைல், கட்டணம் பத்தணா, மூன்று மணி நேரம். பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து அந்தப் புகையில் ஓடுகிற பஸ். மேட்டில் ஆண்கள் இறங்கி நடந்தோம். கண்டக்டர் அடுப்பைக் கிளறினார். பக்கத்து இடத்தில் லப்பைக்குடிக்காட்டு காதர் பாய். பினாங்கில் ஜவுளிக் கடையில் இருந்து, சண்டையில் மாட்டிக்கொண்டு, போன மாதந்தான் ஊர் வந்தவர். பெட்டியில் என்ன என்று கேட்டார். படத்தைக் காட்டினேன்.

"இதுக்குக் கண்ணு எங்க சார்?"

"தோலுக்குள் இரண்டு புள்ளி. வெளிச்சம், இருட்டு தெரியும். நிறம் தெரியாது."

"யா அல்லா! அப்ப இத்தன கலரும் யாருக்கு?"

"மீனுக்கு. இது தின்கிற கடற்பஞ்சில் விஷம் உண்டு. அந்த விஷத்தைத் தன் தோலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. என்னைத் தொடாதே என்று சொல்லத்தான் இத்தனை அலங்காரம்."

"ஜோடி சேர வேணாமா? அதுக்குக் கண்ணு வேணுமே."

"ஊர்ந்த இடத்தில் ஒரு வழவழப்பு நிற்கும். இன்னொன்று அதைப் பிடித்துக்கொண்டே வந்து சேரும்."

காதர் பாய் வெளியே பருத்திக்காட்டைப் பார்த்தார்.

"கொடுத்து வச்ச பிராணி சார். நான் மூணரை வருசம் கடலைத்தான் பாத்துக்கிட்டு கெடந்தேன். கடுதாசி போவல, வரல. வூட்ல நான் மௌத்தாயிட்டேன், இனி வரமாட்டேன்னு பாத்திஹா ஓதி முடிச்சிட்டாங்க. போய்க் கதவைத் தட்டுறேன், பொண்டாட்டி தொறந்துட்டு 'யாரு வேணும்?'ங்கிறா. யாரு வேணும்னு நான் என்னத்தைச் சொல்றது?"

"பிறகு?"

"பொறவு என்ன, மொதல்ல சோறு போட்டா. அப்பறமாத்தான் அழுதா." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நான் ஏலாக்குறிச்சிக்கு எதற்குப் போகிறேன் என்பதையும் அவரிடம் சொன்னேன். பெரம்பலூரில் இறங்கும்போது, "அந்தம்மாகிட்ட சுத்தி வளைக்காதீங்க. நேரா சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய், காலை பதினொரு மணி, காரை.

பெரம்பலூரிலிருந்து தெற்கே பன்னிரண்டு மைல், வண்டிக்கு இரண்டு ரூபாய். காரை ஓடைகளைக் குறிப்பில் படிக்குமுன் நான் கேள்விப்பட்டதுமில்லை. மரமில்லை, புல்லில்லை. மழை வெட்டிய பள்ளங்கள் கையின் ரேகையைப்போலக் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடுகின்றன. மஞ்சள், பழுப்பு, பாசி பிடித்த பச்சை. நடுவில் வெயிலில் கண்ணாடிச் சில்லாய் மின்னும் உப்புக்கல். காற்று மட்டும் கடற்கரைக் காற்றுப்போலவே வீசுகிறது. அலைச் சத்தம் கேட்காதது எனக்கு ஏமாற்றமாயிருந்தது. நின்று கேட்டேன். அசட்டுத்தனந்தான்.

மண் வெளிறிக் கிடந்தது. 'மழைக்கு மறுநாள்' என்றல்லவா எழுதியிருக்கிறார். மார்கழியோடு மழை போய்விட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு நடுவயது அம்மாளிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மழைக்கு மறுநாளு மண்ணு எப்படி இருக்கும்னு பாக்கணும், அம்புட்டுத்தானே? இன்னிக்கு ஒரு கொடம் ஊத்து. நாளைக்கு வந்து பாரு."

"இப்போதே நனைத்துப் பார்த்தால் ஆகாதா?"

"ஈரத்துல கறுத்துக் காட்டும். ஒரு ராத்திரி ஆறுனாத்தான் மண்ணு தன் நெறத்துக்கு வரும். எழுதி வச்சவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒனக்குத் தெரியலயே."

ஊருக்குள் போய்க் குடம் வாங்கி, முக்கால் மைல் சுமந்து வந்து ஊற்றினேன். இரவல் பாயில் படுத்து மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். நான் ஊற்றிய இடம் மட்டும் முற்றின மஞ்சளைக் கீறி வைத்தாற்போல் ஒளிர்ந்தது. சவரிமுத்து நின்று பார்த்திருக்கிறார், ஒரு தடவை அல்ல, பல மழைகள். அங்கேயே உட்கார்ந்து இருபத்து மூன்று பொட்டுகளையும் வைத்தேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "அட, அம்மை போட்ட பல்லி" என்றார்.

வியாழன், பகல் பன்னிரண்டரை மணி, ஏலாக்குறிச்சி.

அரியலூர் திரும்பி, திருமானூர் வரை பஸ், அங்கிருந்து மூன்று மைல் நடை. கொள்ளிடத்து ஈரக்காற்று முகத்தில் படுகிறது. மாதா கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூடம். அதற்கு அடுத்தாற்போல் ஓட்டு வீடு. ஆரோக்கியமேரி மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். சாப்பாட்டு மணி அடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். பெயரைச் சொன்னதும், "கடுதாசி போடுவீங்கன்னு பாத்தேன். ஆளே வந்துட்டீங்க. உக்காருங்க சார்" என்றார்.

கருப்பட்டிக் காப்பி வந்தது. கூடவே பாட்டிலும். கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். "மாதா படம் இருக்குற பலகையில இதை வைக்க மனசு வரல. பாருங்க. வர்றவங்கல்லாம் கொழுப்புத் துண்டான்னு கேக்குறாங்க."

"சாராயத்தில் போட்ட மறுநாளே நிறம் போய்விடும் டீச்சர். அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே வரைகிறார்கள்."

"சாராயத்துல கெடந்தா மனுசனே வெளுத்துப் போறான்" என்றார். பிறகு குறிப்பை வாங்கினார். கையெழுத்தைப் பார்த்ததும் முகம் சற்றே மாறிற்று. மூன்றாம் வரிக்கு வந்தபோது நிமிர்ந்தார்.

"சேலை இல்லியே சார்."

"இல்லையா?"

"மாதாவுக்குச் சாத்திட்டேன். அவரு மண்டபத்துக்கு வேலைக்குப் போன மூணாம் வருஷம். பத்திரமா வரணும்னு நேந்துக்கிட்டு, பொட்டியில இருந்ததுலயே நல்லதை எடுத்துக் குடுத்தேன். திருவிழா முடிஞ்சு ஏலத்துல போயிருச்சு. எந்த ஊர்க்காரங்க எடுத்தாங்களோ." பெட்டியைத் திறந்து காட்டுவதுபோலக் கையை விரித்தார். "அவரு வரணும்னு குடுத்ததுதான். இப்ப அதைக் கேக்குறாரு."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. விளிம்பின் நிறத்தை நான் பார்த்திருக்கிறேன் என்று தைரியமாக நீலத்தைக் குழைத்தேன்.

"நீலமா? யாரு சொன்னா?"

"நான் பார்த்தது நீலந்தான் டீச்சர். ஆழ்ந்த நீலம்."

"எத்தன நேரம் பாத்தீங்க?"

"கால் மணி நேரம் இருக்கும். விடியற்காலை. சூரியன் வரவில்லை."

"விடியக்காலையில எங்க வூட்டுச் செம்பருத்தியும் நீலமாத்தான் நிக்கும்." பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "செவப்பை எடுங்க. இன்னும். அது நாவப்பழத் தோலு. நான் சொல்றது நாவப்பழம் தின்ன நாக்கு. தள்ளுங்க, நானே பாக்குறேன்."

பள்ளிக்கூட மணி அடித்தது. போய்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்ல வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். நான்கு தடவை சாசரைக் கழுவினார். ஐந்தாம் தடவை தூரிகையை உயர்த்தி வாசல் வெளிச்சத்தில் பார்த்து, படத்துக்கு வந்தார். முதலில் கொம்பு. பிறகு கொத்து. பிறகு விளிம்பு, வலப்பக்கத்திலிருந்து, கோலத்தின் கடைசி இழையைப்போலக் கை எடுக்காமல் ஒரே இழுப்பு. மண்ணும் கல்லுமாய்க் கிடந்தது, ஓரம் கட்டியதும் காகிதத்தை விட்டு எழும்பினாற்போல் ஆயிற்று. ஊர்ந்துவிடுமோ என்று நான் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"எத்தன நாளு உசுரோட இருக்கும்?"

"ஒரு வருஷம் இருந்தால் பெரிது."

"அதுக்கே இம்புட்டுப் பூச்சா." பிறகு குறிப்பை மறுபடி எடுத்தார். "கல்லு, மண்ணு, சேலை. எல்லாம் இங்கினதானே இருக்கு. வூட்டுக்கு வந்து பூசணும்னுதான் இப்படி எழுதி வச்சிருக்காரு, இல்ல?"

"அப்படித்தான் தோன்றுகிறது."

"தோணுச்சு, சரி. ரயிலு ஏறணும்ல?"

அப்போது சொன்னேன். அமாவாசைகளை, ஒவ்வொரு வற்றத்துக்கும் 'அடுத்ததோடு போய்விடுகிறேன்' என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை, கட்டிய பையை நான் அவிழ்க்க வைத்ததை.

"எந்தக் கிறிஸ்துமஸ்?"

"முந்தின வருஷத்துக்கு முந்தினது."

"வர்றேன்னு கார்டு போட்டிருந்தாரு" என்றார். எழுந்துபோய்த் தூரிகையைக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். திரும்பியபோது குரல் டீச்சர் குரலாக இருந்தது. "உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் சார். இருக்கு. ஆனா நீங்க இல்லேன்னா இன்னொருத்தர் சொல்லியிருப்பாரு. நிக்கணும்னு நெனக்கிறவருக்கு, 'நில்லு'ன்னு சொல்ல எப்படியும் ஒரு ஆளு கெடச்சிரும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னை எத்தனை ஊரில் எத்தனை பேர் நிறுத்தியிருக்கிறார்கள்; நின்றது என் விருப்பம், ஒருவர் மேலும் குற்றமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

படம் காய்ந்ததும், அவரிடமே இருக்கட்டுமா, மியூசியத்துக்கு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"வேணாம். எடுத்துட்டுப் போங்க. இங்க இருந்தா தெனமும் பாக்கணும்." வாசல் வரை வந்தார். "அடியில பேரு போடுவாங்களா?"

"வரைந்தவர் பெயரைச் சின்ன எழுத்தில் போடுவார்கள்."

"நெறம் போட்டவங்க பேரு?"

"சொன்னால் போடுவார்கள்."

"சொல்லுங்க. சவரிமுத்து, ஆரோக்கியமேரின்னு ஒண்ணாச் சேத்துப் போட்டுறப் போறாங்க. தனித்தனி வரியா இருக்கட்டும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கப் பென்சிலால் இரண்டு வரியாக எழுதினேன். படித்துப் பார்த்து, சரி என்று தலையசைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் போனார். வாய்ப்பாட்டுச் சத்தம் ஒரு நொடி நின்று, முன்னைவிடப் பலமாக எழுந்தது.

வெள்ளி, காலை பத்து மணி, அரியலூர்.

அதே ஒரு ரூபாய் இரண்டணா. இன்று உட்கார இடம் கிடைத்தது. என் ஊர் கடற்கரையில்; அங்கே கடல் நாளுக்கு இரண்டு தடவை போய்த் திரும்பி வருகிறது, அதனால் யாரும் அதை நினைப்பதில்லை. இங்கே ஒரே தடவை போயிற்று. இந்தப் பக்கத்து மண்ணில் நான்கு நாள் நடந்தவனுக்கு, காலடியில் எங்கோ ஈரம் இருக்கிறது என்ற எண்ணம் போக மாட்டேன் என்கிறது.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். மண்டபத்துப் பாறைப் பள்ளம் வந்தது. முழங்கால் வரை நனைந்து நிற்கும் சவரிமுத்து வந்தார். அவர் விரல் காட்டிய இடத்தில் நத்தையும் வந்தது, ஆனால் விளிம்பு நீலமாக வரவில்லை. அந்த அம்மாள் கலந்த நிறத்தோடுதான் ஊர்கிறது. நானே கண்ணால் பார்த்ததல்லவா என்று இன்னொரு தடவை முயன்றேன். கல்லகம் போயிற்று, புள்ளம்பாடி போயிற்று. லால்குடி தாண்டியும் நீலம் திரும்பவில்லை.